பிரெஞ்சில் கேள்வி கேட்பதால் விளையும் தீமைகள்: ஓர் ஆய்வு

அன்றாடப் பிரெஞ்சு வாக்கியங்களைக் கற்பிக்கும் நூல்கள் அனைத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. அவை கேள்வி கேட்கச் சொல்லித் தருகின்றன. கேட்டால் எதிரே நிற்பவர் பதில் சொல்லிவிடக்கூடும் என்ற அபாயத்தை எந்த நூலும் அட்டையில் அச்சிடுவதில்லை. சிகரெட் பெட்டிக்கு இருக்கும் நேர்மைகூட இவற்றுக்கு இல்லை. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

மரபுப்படி முதலில் முன்னோர். ஆங்கிலேயர் பள்ளியில் பிரெஞ்சு படித்ததற்கு அடையாளமாகச் சொல்லும் வாக்கியம், ‘என் அத்தையின் பேனா என் மாமாவின் மேசைமேல் இருக்கிறது’ என்பது. (அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று பிரெஞ்சு மொழி சொல்லாது. தமிழ் மாணவருக்கு முதல் நாளே தூக்கம் போய்விடும்.) இவ்வாக்கியத்தைப் பேச யாருக்கும் வாய்ப்பு வாய்ப்பதில்லை, வாய்த்தாலும் அதற்குப் பதில் சொல்ல எதுவுமில்லை. எனவே, முற்றிலும் பாதுகாப்பானது.

பாடநூல் வாக்கியங்களை உரிய மரியாதையுடன் அணுகிய ஒரே அறிஞர் யூஜின் அயனெஸ்கோ. ருமேனியாவில் பிறந்து பிரெஞ்சில் எழுதியவர். அசிமில் நிறுவனத்தின் நூலை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிக்க உட்கார்ந்தவர், வாரத்துக்கு ஏழு நாள், தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது போன்ற மெய்ஞ்ஞானங்களைக் கண்டு மலைத்துப்போனார். ஆங்கிலம் வந்ததோ இல்லையோ, 1950-ல் ‘வழுக்கைத் தலைப் பாடகி’ நாடகம் வந்தது. 1957 முதல் பாரிஸில் ஹூஷெத் தெருவின் குட்டி அரங்கில் அதை நடித்துவருகிறார்கள். அதன் பாத்திரங்கள் பாடநூல் வாக்கியங்களையே பேசிப் பேசிக் கடைசியில் கூச்சலில் போய் நிற்பார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்ல முயன்றதே காரணம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இனிக் களம். பாரிஸின் ஏதேனும் ஒரு ரொட்டிக்கடை. உள்ளே காலை வைத்ததும் ‘பொன்ஜூர்’ சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டு நேரே ரொட்டி கேட்டால், கல்லாவில் நிற்கும் அம்மாள் அந்த விண்ணப்பத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தானே ஒரு ‘பொன்ஜூர்’ சொல்வார். அதன் தொனியில் வணக்கம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கண்டிப்பு. அடுத்தது, ‘ஊன் திரதிஸியோன், சில் வூ ப்ளே’. ‘திரதிஸியோன்’ என்பது பழைய முறைப்படி செய்த நீள ரொட்டி. மாவை உறைய வைக்கக் கூடாது, சேர்மானங்கள் கூடாது என்று 1993-ல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். மாவுக்குக் கட்டுப்பாடு விதித்த அரசு, கல்லாவிலிருந்து வரும் எதிர்க்கேள்விகளுக்கு ஏனோ விதிக்கவில்லை. நன்றாக வெந்ததா, அவ்வளவாக வேகாததா என்று அம்மாள் ஒரே மூச்சில் கேட்பார். கையால் காட்டித் தப்பிக்கலாம். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ‘அவெக் சஸீ?’ என்பார். வேறென்ன வேண்டும் என்று பொருள். இது தெரியாமல் மையமாக ‘வூய்’ என்று தலையாட்டியவர் மாட்டினார். என்ன வேண்டும் என்று சொல்லும்வரை கடை காத்திருக்கும், பின்னால் வரிசையும் காத்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குருவாஸானைச் சுட்டிக்காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பாரிஸில் விற்கும் குருவாஸான்களில் கணிசமானவை இப்படித்தான் விற்கின்றன என்பது என் கருதுகோள்.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: கேட்பவரின் உச்சரிப்பு எவ்வளவு செம்மையோ, பதிலின் வேகம் அவ்வளவு அதிகம். உச்சரிப்பு மோசமென்றால் பதில் ஆங்கிலத்தில் வந்துவிடும். அவமானம்தான், ஆனால் உயிருக்குச் சேதமில்லை. சிரத்தையாகப் படித்து ‘ரயில் நிலையம் எங்கே?’ என்பதைப் பிசகின்றிக் கேட்டவர் கதியோ வேறு. ‘தூ த்ருவா’ என்றால் நேரே போக வேண்டும். ‘ஆ த்ருவாத்’ என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கடைசி ‘த்’ காதில் விழுந்ததா இல்லையா என்பதில் ரயிலே இருக்கிறது.

தொலைபேசி எண் கேட்பது இன்னும் கொடியது. பத்து இலக்கத்தை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். தொண்ணூற்றேழு என்பது அங்கே நான்கு இருபது பத்து ஏழு. ‘நான்கு’ காதில் விழுந்ததும் 4 எழுதுவீர்கள்; ‘இருபது’ வந்ததும் அடித்து 80; ‘பத்து’ வந்ததும் 90; ஏழைச் சேர்த்து நிமிர்வதற்குள் அவர் அடுத்த இரண்டு ஜோடிகளைத் தாண்டியிருப்பார். இருபது இருபதாக எண்ணுவது பழைய பழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக நிறுவிய இல்லம், ‘பதினைந்து இருபதுகள்’ என்ற பெயரிலேயே இன்றும் பாரிஸில் கண் மருத்துவமனையாக இருக்கிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் உண்டு. எண் கேட்டே தீர வேண்டியவர்கள் அங்கே போய்க் கேட்பது நல்லது.

பாரிஸின் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. ‘என்ன அண்ணை வேணும்?’ என்று கேட்கும் இடத்தில் தரவு கெட்டுவிடும்.

பயில்வோருக்குப் பரிந்துரைக்கத் தக்க வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘ஸா வா?’ நலமா என்ற கேள்வியும் அதுவே, நலம் என்ற பதிலும் அதுவே. இருவரும் மாறி மாறி அதையே சொல்லிவிட்டு, சேதமின்றிப் பிரியலாம்.

தீராத சிக்கல் ஒன்று மிஞ்சுகிறது. மாலையில் ‘பொன்ஜூர்’ ஓய்ந்து ‘பொன்ஸ்வார்’ ஆகிறது. எத்தனை மணிக்கு என்று சட்டம் ஏதுமில்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே நேரமா என்றால் அதுவுமில்லை; டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஜூனில் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். கடைக்காரர் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்வது உத்தமம். ஆனால் நுழைபவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மேலே நிறுவியாயிற்று. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க விரும்புவோர் ரொட்டியைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளவும்.