டிப் சுல்தான்

டாலஸைச் சுற்றியுள்ள ப்ளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் தமிழர் வீட்டு பாட்லக் ஒன்றுக்குப் போனால் அவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்துக்குத்தான் அங்கே பாட்லக் என்று பேர். யார் எதைக் கொண்டுவருவது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் ஓடும். மற்றவர்கள் ‘வெஜ் பிரியாணி, ஒரு ட்ரே’, ‘மெதுவடை, 60’ என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ‘ரைஸ் பீன் டிப். வீட்டிலேயே செய்தது. டின் பீன்ஸ் கிடையாது, சீஸ் கிடையாது. விவரம் நேரில்’ என்று எழுதுவார். அந்தக் கடைசி வரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிப்ஸைத் தோய்த்துத் தின்னும் விழுதுதான் டிப். பிள்ளைகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் டிப் சுல்தான். அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, உள்ளூர மகிழ்ச்சிதான். ஐடி கம்பெனி ஒன்றில் ஆர்க்கிடெக்ட். வருஷத்தில் 363 நாள் அடுப்படியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. புத்தாண்டு, சூப்பர் பௌல் என்ற மீதி இரண்டு நாளும் அங்கே வேறு யாருக்கும் இடம் கிடையாது.

சூப்பர் பௌல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, டெக்சஸ் கடிகாரப்படி மாலை 5.30 மணிக்குத் தொடங்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், ஐந்து அடி ஓடியதும் பத்துப் பேர் மேலே விழுவார்கள் என்பதற்கு மேல் நம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. விளம்பரத்துக்காகவும் இடைவேளைப் பாட்டுக்காகவும் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு அந்த நாடே டிவி முன்னால் சிப்ஸை டிப்பில் தொட்டுத் தொட்டுத் தின்னும் என்பதால், சுல்தானுக்கு அது பட்டாபிஷேக நாள்.

முந்தின ராத்திரியே ராஜ்மாவை ஊறப்போட வேண்டும். ‘ஊறப்போட வேண்டும்’ என்று அறிவிப்பவர் அவர். போடுபவர் அவர் மனைவி. காலையில் குக்கரை ஏற்றி விசில் எண்ணுவதும் அந்த அம்மாள்தான். சுல்தான் இறங்குவது மிக்ஸிக் கட்டத்தில். ஊரிலிருந்து வாங்கிவந்த 110 வோல்ட் மிக்ஸி. வெந்த ராஜ்மா இரண்டு கப், ஆறின சாதம் ஒரு கப், பூண்டு, ஹாலப்பீன்யோ மிளகாய், வறுத்த சீரகம், எலுமிச்சைச் சாறு, உப்பு. ‘சாதம்தான் ரகசியம், வழவழப்பு அதில்தான் வருது, சீஸே வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் திருகுவார். பிளேடு சுற்றாது. ஜாருக்கு அடியில் லேசாகக் கருகல் வாசம் கிளம்பும். அவர் யூடியூபில் காரணம் தேடும் நேரத்தில், மனைவி ராஜ்மா வேகவைத்த நீரில் இரண்டு கரண்டி ஊற்றி, ஓரத்தை வழித்துவிட்டு, ஒரு சுற்று சுற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். ‘பாத்தியா, தானா செட் ஆயிடுச்சு’ என்பார் சுல்தான்.

விருந்து வீட்டில் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு நகர்கிற ஆள் இல்லை அவர். கோயிலில் சுண்டல் கொடுப்பவர் மாதிரி அண்டாவை விட்டு அசையாமல் நிற்பார். சிப்ஸோடு ஒரு கை நீண்டதும் ‘விவரம் நேரில்’ ஆரம்பமாகும்.

“ஸ்லோ குக்கர்ல வேகவச்சீங்களாண்ணா?” என்று ஓர் அப்பாவி கேட்டால் தீர்ந்தது. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, பச்சையாக நாலைந்து மணி தின்றாலே வாந்தி வரும், ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் நஞ்சு கூடவே செய்யும் என்று ஒரே மூச்சில் கொட்டுவார். அத்தனையும் உண்மை. ஆனால் கேட்டவர் அதற்குள் கையிலிருந்த சிப்ஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டிருப்பார்.

அடுத்து புரதம். அரிசியில் லைசின் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேர்ந்தால் குறை தீரும். இட்லி தின்று வளர்ந்த கூட்டத்துக்கு இதைப் புதுச் செய்தியாகச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அப்புறம் சரித்திரம். நியூயார்க்கில் பிறந்த ஹெலன் கார்பிட் என்ற அம்மையார் 1940 வாக்கில் டெக்சஸுக்கு வந்து, தட்டப்பயறை வினிகரிலும் எண்ணெயிலும் ஊறவைத்துப் பரிமாறினார். அது ‘டெக்சஸ் கேவியர்’ என்று பேர் வாங்கியது. பின்னாளில் டாலஸ் நீமன் மார்கஸ் கடையின் உணவுப் பிரிவையே அவர் நடத்தினார். “நியூயார்க்காரம்மா தட்டப்பயறை வச்சு இந்த ஊரையே ஜெயிச்சிருக்கு. நான் உசிலம்பட்டிக்காரன்!” என்று முடிப்பார்.

ஒரே சிப்ஸைக் கடித்துவிட்டு மறுபடி தோய்க்கிற சிறுவன் அவர் கண்ணில் பட்டால், க்ளெம்சன் பல்கலைக்கழக ஆய்வு மேஜைக்கு வரும். 2009-இல் வெளியானது; கடித்த பிஸ்கட்டைத் திரும்பத் தோய்த்தால் வாயிலிருக்கும் பாக்டீரியா கிண்ணத்துக்குள் இறங்குகிறது என்று கண்டது. ஒருமுறை பக்கத்தில் நின்ற பாட்டி, “எச்சில்னு சொன்னா போதாதா?” என்று கேட்டுவிட்டு வடைப் பக்கம் போய்விட்டார்.

சமைத்த சோறும் பயறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. அதற்காகக் கிண்ணத்தை வைத்ததுமே ஃபோனில் அலாரம் வைத்துவிடுவார். இடைவேளைப் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து சுப்ரபாதம் கேட்கும். “பேசிலஸ் சீரியஸ்!” என்று கூவிக்கொண்டு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஃபிரிட்ஜுக்கு ஓடுவார். சோற்றில் வளரும் கிருமியின் பெயர் அது. விவரம் தெரியாத ஒருவர், “யாருக்கு சீரியஸ்?” என்று பதறி எழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சுல்தான் வாயடைத்துப் போனது ஒரே ஒரு முறை. திருநெல்வேலியிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஓர் ஆச்சி, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தார். “இது பயத்தந் துவையல்தானே தம்பி? சோத்தையும் உள்ளயே போட்டு அரைச்சுட்டீகளா? நல்லதாப் போச்சு, பிசையுற வேலை மிச்சம்.”

ருசி எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருக்கும். அதுதான் சங்கடமே. மோசமாக இருந்தால் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். பாராட்டும் அவருக்கு வந்து குவியும்: “அண்ணா கலக்கிட்டீங்க, ரெசிபி அனுப்புங்க.” அதே மேஜையின் கோடியில் அலுமினிய ட்ரேயில் தயிர்சாதம் இருக்கும், மாதுளை முத்து தூவி, மோர்மிளகாய் கிள்ளிப் போட்டது. எல்லாரும் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளப் போவது அதைத்தான். அதைச் செய்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் சுல்தானின் வரிக்குக் கீழேயே ‘தயிர்சாதம்’ என்று ஒற்றை வார்த்தையில் இருக்கும்.

எனவே டாலஸ் பக்கம் பாட்லக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுல்தானின் கிண்ணத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், வருத்தப்படுவார். ஒரு சிப்ஸ் எடுங்கள், ஒரே ஒரு முறை தோயுங்கள், “சூப்பர்ண்ணா” என்று சொல்லிவிட்டு நகருங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் தயிர்சாதம் தீர்ந்துவிடும்.