யுஎஸ்பி டியூனரும் லேபிள் வெட்டிய பனியனும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வின் தேவை

சில டிவி டியூனர்களை லினக்ஸ் ஏன் கண்டுகொள்வதில்லை என்பதற்குக் கணினி வல்லுநர்கள் பல விளக்கம் தந்துள்ளனர். அவர்களுள் எவரும் திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சப் பனியன் எடுத்தவராகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

களம்

தமிழக அரசு 2006-இல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டமும் 2011-இல் பாஸ் என்ற லினக்ஸோடு வந்த இலவச லேப்டாப்பும் சங்கமித்த திருப்பூர் வீடுகள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்க, அவரை எழுப்பாமல் பார்க்க டிவியை லேப்டாப்புக்குள் அடக்கும் ஆசை பிறக்கிறது.

கருதுகோள்

எக்ஸ்போர்ட் மிச்சத்தில் துணி அதுவே, ஓவர்லாக் தையலும் அதுவே. கழுத்து லேபிளை மட்டும் வெட்டியிருப்பார்கள். மலிவு அனலாக் டியூனரும் அந்த ரகம். உள்ளே எம்பியா சிப். பெட்டியின் மேல் ஆளுக்கொரு பெயர். லினக்ஸ் பெட்டியைப் படிக்காது. தயாரிப்பாளர் எண், சரக்கு எண் இரண்டையும் தன் பட்டியலில் தேடும். பல கம்பெனிகள் சிப்போடு வந்த பொது எண்ணையே விட்டுவைத்ததால், அந்தச் சிப்புக்கான இஎம்28எக்ஸ்எக்ஸ் டிரைவர் குழம்பி, "தனி அடையாள எண் இல்லை, கார்டு எண்ணை நீங்களே கொடுத்துப் பாருங்கள்" என்ற பொருளில் டிமெஸ்ஜி பதிவில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஆய்வுமுறை

டிரைவரை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையில் கார்டு எண்ணை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஓர் எண்ணுக்குப் படம் வரும், சத்தம் வராது. இன்னொன்றுக்குச் சத்தம் வரும், படம் உருளும்; என்டிஎஸ்சி ஒளிபரப்பு முறையிலிருந்து பால் (PAL) முறைக்கு மாற்றினால் நிற்கும். பட்டியலிலேயே இல்லாத எண் என்றால் டிரைவரின் நியூ ஐடி கோப்பில் அதை எழுதிச் சேர்க்கலாம். லேபிள் தைப்பது நம் ஊருக்குப் புதிதா?

கண்டறிந்தவை

எல்லாம் கூடிவந்தபின் இன்று திரையில் தெரிவது புள்ளிமழை. ஏனெனில் 2017 முதல் தமிழக அரசு கேபிள் டிஜிட்டல் பாக்ஸுக்கு மாறத் தொடங்கியது. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பும் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. டியூனர் பாஸாகும்போது பரீட்சையே ரத்தாகிவிட்டது. செட்டாப் பாக்ஸின் மஞ்சள் வயரை டியூனரின் ஏவி துளையில் செருகினால் படம் வரும். ஆனால் அப்போது டியூன் செய்வது பாக்ஸ். டியூனர் வெறும் வழிப்போக்கன்.

பரிந்துரை

ஆர்டிஎல்2832யு சிப் உள்ளதை வாங்கியவர் மட்டும் பிழைத்தார். அது டிவிக்கு உதவாவிட்டாலும் ரேடியோ அலைகளை அப்படியே கணினிக்குத் தரும் என்பது 2012-இல் தெரியவந்தது; எஃப்எம் கேட்கலாம். ஆகவே வாங்கும்போது பெட்டியிலுள்ள படத்தைப் பார்க்காமல் சிப் எண்ணைக் கேளுங்கள். கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடுமுங்க" என்றால், அந்தக் காசுக்கு ரெண்டு பனியன் எடுத்துக்கொள்ளுங்கள்.