பத்துக்குப் பன்னிரண்டில் ஆமை: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஊவாத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகள் கொழுந்து, கவ்வாத்து, கங்காணி என்று பரந்து கிடக்கின்றன. இக்கட்டுரை அவற்றோடு நீராமையையும் சேர்க்கிறது. ஆய்வுக் களம், பசறையிலிருந்து அப்புத்தளை வரையான லயங்களின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள். ஆய்வுப் பொருள், வளர்ப்பு மீன் கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமை. பிறந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. கடல் கடந்து தோட்டத்துக்கு வந்த இன்னொரு சீவன்.

முதலில் முன்னோர் கருத்து. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இதைச் சோதிக்க லயத்தைவிடத் தோதான இடம் கிடையாது. கேடு வர வேண்டியது வீட்டுச் சொந்தக்காரருக்கு. லயக் காம்பராவின் சொந்தக்காரர் குடியிருப்பவர் அல்லர், தோட்டம். ஆகவே எத்தனை ஆமை புகுந்தாலும் குடியிருப்பவருக்குச் சேதமில்லை. அடுத்தவர் வள்ளுவர். 126ஆம் குறளில் ஆமையை அடக்கத்துக்கு உவமை சொன்னார். இந்த ஆமையின் முன்னால் அவர் ஒரு நெத்தலியை ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார். நாலு காலும் தண்ணீரை அடிக்க, கழுத்து முழுநீளத்துக்கு வெளியே வந்து, வாய் திறந்து நிற்கும். அடக்கம் உள்ளூர் ஆமைகளிடம் இருக்கலாம். ஆனால் பாலாமையையும் காராமையையும் ஓடையில் பிடித்து வந்து பேசினில் போடுவது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இனி அளவைகள். குட்டி, ஐந்து ரூபாக் குத்தியைவிடச் சற்றுப் பெரிது. இதைப் பார்த்துத்தான் ஆள் ஏமாறுவது. பெட்டை வளர்ந்தால் ஓடு பத்து அங்குலத்தைத் தாண்டும். வளர்ப்போர் கைக்கணக்கு ஓர் அங்குல ஓட்டுக்குப் பத்து கலன் தண்ணீர். பத்து அங்குலத்துக்கு நூறு கலன், ஏறத்தாழ 380 லீற்றர். பதினைந்து லீற்றர் குடத்தில் பீலியிலிருந்து சுமந்தால் 25 நடை போதாது. தின்கிற தண்ணீரிலேயே கழிக்கிற பிராணி என்பதால், வடிகட்டி இல்லாத வீட்டில் இந்த நடை ஓயாது. கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும். பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும். அந்த வரிசையில் நின்று ‘ஆமைக்கு’ என்று சொல்லிப் பாருங்கள்.

தண்ணீர் 25 பாகை வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து முழுதாகக் காய ஒரு கல் வேண்டும். அங்கே 32 பாகை. வெயிலின் புற ஊதாக் கதிர் படாவிட்டால் உடம்பில் சுண்ணாம்பு சேராது, ஓடு இளகிவிடும். கண்ணாடி ஜன்னல் அந்தக் கதிரை உள்ளே விடாது. பதுளையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அப்புத்தளையிலோ மாலை மூடுபனி காம்பராவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்; அங்கே விளக்கு வாங்கத்தான் வேண்டும், மின்சாரப் பட்டியலையும் பார்க்கத்தான் வேண்டும்.

போதிய இடம், சுத்தமான தண்ணீர், ஈரமில்லாத தரை, வெளிச்சம். எழுதி முடித்துப் படித்தால் தொழிற்சங்க மகஜர் மாதிரி இருக்கிறது. வித்தியாசம் பேச்சுவார்த்தையில்தான். குளிர் ஏறினால் ஆமை சாப்பாட்டை நிறுத்திவிடும். வீட்டு நிருவாகம் பதறிப்போய் விளக்கு வாங்கிவிடும். தோட்டத்தில் 2015இல் கேட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறியது 2021இல். ஆமை வேகம் என்ற சொல்லாட்சியை மீள்பரிசீலனை செய்யுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

தீனி பற்றி நீட்ட வேண்டியதில்லை. குட்டிக்குப் புழு, மீன். வளர்ந்ததற்குக் கங்குன் கீரை. ரொட்டித் துண்டு வேண்டாம். தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சல்மொனெல்லாக் கிருமிக்குப் பயந்துதான் அமெரிக்கா 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளின் விற்பனையைத் தடுத்தது. கள ஆய்வில் ஓர் அம்மாயி தொட்டியை எட்டிப் பார்த்து, “ஏன்டா தம்பி, இத எப்ப கறி வைக்கிறது?” என்று கேட்டார். கருதுகோளில் இல்லாத கேள்வி; பதிவு மட்டும் செய்யப்பட்டது.

சலித்துப்போனால் பதுளை ஓயாவில் விட்டுவிடலாம் என்று நினைப்போர் உண்டு. கூடாது. உலகின் நூறு மோசமான ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. ஓயாவில் காராமை வெயில் காயும் கல்லை இது பிடித்துக்கொள்ளும்.

எஞ்சியிருப்பது ஆயுள். நன்றாகப் பார்த்தால் முப்பது வருடம் இருக்கும். வாங்குகிற பையன் சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போவான்; தொட்டியைக் கொண்டுபோக மாட்டான். மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, ரொட்டி சுட்டு, இஸ்தோப்பில் தண்ணீர் மாற்றப்போவது வேறொருவர். ஆகவே ஆமை வாங்குவோர் காசோடு தம் அம்மாவின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் கடையில் சமர்ப்பித்தல் வேண்டும்.