ஒழுக்கியல்: கட்டிப்போட்ட படகில் நீர் சேர்வது குறித்து ஓர் ஆய்வு

ஒழுகு என்னும் வினையிலிருந்து தமிழில் இரண்டு பெயர்கள் பிறந்தன. ஒன்று ஒழுக்கம், மற்றது ஒழுக்கு. முதலாவதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறள் எழுதினார். இரண்டாவதைக் கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் விட்டுவிட்டார். நெடுங்காலமாக நிலவும் அந்தக் குறையை என்னால் இயன்ற அளவு போக்கவே இக்கட்டுரை.

தொடக்கத்திலேயே ஒரு சொற்சிக்கல். பானை ஒழுகினால் உள்ளே இருப்பது வெளியே போகிறது. கூரை ஒழுகினால் வெளியே இருப்பது உள்ளே வருகிறது. படகு இதில் எந்த இனம்? வடிவத்தில் பானை, குணத்தில் கூரை. கட்டுமரம் நம் ஆய்வு எல்லைக்குள் வராது. நீர் ஓர் இடுக்கில் ஏறி மறு இடுக்கில் இறங்கிவிடும். அதற்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. உள்ளே இல்லாத பொருளுக்கு ஒழுக்கு ஏது? கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயர் கடன் வாங்கிப் போனார்கள். பிற்பாடு அது இரட்டை உடல் கொண்ட விலையுயர்ந்த படகுக்குப் பெயராயிற்று. அந்தப் படகுக்கு உள்ளே என்று ஓர் இடமும் வைத்துவிட்டார்கள். வினையும் உடன் வந்து சேர்ந்தது.

மரப்படகும் தனிச் சாதி. வெயிலில் காய்ந்த பலகை சுருங்கும். நீரில் இறக்கிய முதல் நாள் தாராளமாக உள்ளே விடும். ஊறிப் பருத்தபின் தானே வாயை மூடிக்கொள்ளும். மிச்ச இடுக்குக்குப் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். கேரளத்துக் கெட்டுவள்ளத்தில் ஆணியே இல்லை, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். இவற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரை பெருநூலாகிவிடும் என்பதால் வணங்கி விலகுகிறேன்.

ஆய்வுப் பொருள், என் அத்தானின் படகு. இருப்பிடம் கொச்சிக் காயல். ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஃபைபர் உடம்பு, சிறிய டீசல் என்ஜின், குடிநீர் டேங்க் ஒன்று, பொம்மைக்குப் போதுமான வாஷ்பேசின் ஒன்று. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஓடும். வாரத்தின் மீதி 166 மணி நேரம் துறையில் கயிற்றில் கட்டுண்டு நிற்கும்.

இந்த 166 மணி நேரம்தான் ஆபத்தானது. படகு மூழ்குவது என்றதும் நாம் புயலையும் பாறையையும் நினைக்கிறோம். அமெரிக்காவின் போட்யூஎஸ் படகுக் காப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டியவர்கள் வேறு கதை சொல்கிறார்கள்: ஓடும்போது ஒரு படகு மூழ்கினால் கட்டிய இடத்தில் நான்கு மூழ்குகின்றனவாம். ஓடும் படகில் ஆள் இருக்கிறார், காலில் ஈரம் பட்டால் கத்துவார். கட்டிய படகில் யாருடைய காலும் இல்லை. அதோடு, நீர் சேரச் சேரப் படகு தாழும். தாழத் தாழ, நீர்மட்டத்துக்கு மேலே சாதுவாக இருந்த வடிகால் ஓட்டைகளும் ஒவ்வொன்றாக மட்டத்துக்குக் கீழே வந்து நீரை வரவேற்கத் தொடங்கும். ஐந்து நாள் சொட்டிய படகு ஆறாம் நாள் அரை மணியில் போய்விடுவது இப்படித்தான்.

சென்ற ஜூலையில் அத்தானின் படகு அடித்தட்டில் நீர் சேரத் தொடங்கியது. உடனே அறிஞருலகம் மூன்றாகப் பிளந்தது. அத்தான் மேல்வரவுக் கொள்கையினர்: எல்லாம் மழை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரிலிருந்து வந்து தோப்பும்படித் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளைப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் கீழ்வரவுக் கொள்கையினர்: அடியில் எங்கோ வாய் இருக்கிறது. அக்கா துறவு மார்க்கம்: "வித்துத் தொலைங்க."

மேல்வரவுக் கொள்கையை எள்ளி நகையாட முடியாது. பன்னிரண்டு சதுர மீட்டர் பரப்பில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 லிட்டர். அதாவது ஒன்றேகால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. மேல்தட்டின் வடிகாலில் ஒரு மாவிலை அடைத்துக்கொண்டால் போதும். கீழ்வரவுக்கும் கணக்கு உண்டு. டாரிசெல்லியின் விதிப்படி, நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே ஓர் அங்குல ஓட்டை நிமிடத்துக்குச் சுமார் 74 லிட்டரை உள்ளே அனுப்பும். விளிம்பு தடுப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். விநாடிக்கு ஒரு சொட்டு என்பதோ, மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று வைத்தால், நாளைக்கு நாலேகால் லிட்டர் சொச்சம். முன்னது விபத்து. பின்னது பழக்கம். அத்தானின் படகில் இருந்தது பின்னதைவிடச் சற்றுப் பெரிய பழக்கம்.

அத்தானுக்கு இதில் கவலையே இல்லை. "அதான் பம்பு இருக்கே!" அடித்தட்டில் நீர் ஏறினால் மிதவை சுவிட்ச் தானே பம்பைப் போடும், மொட்டைமாடி டேங்கில் இருப்பதன் உறவுதான். பெட்டியில் மணிக்கு 1,900 லிட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த எண் பம்பு எதையும் மேலே ஏற்றாமல் சமதளத்தில் ஓடும்போது கிடைப்பது. நம் ஓர் அங்குல ஓட்டையின் கணக்கு மணிக்கு 4,400 லிட்டர். என் கருத்தைக் கேட்டால், பம்பு ஒழுக்குக்கு மருந்தன்று, அதை மறைக்கும் போர்வை. பேட்டரி உள்ளவரை மறைக்கும். பேட்டரி செத்த அன்று மொத்தத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

முதல் சோதனையைக் கீழ்வரவார் முன்மொழிந்தார். "நக்கிப் பாத்தியளா சார்?"

உப்புக் கரித்தால் காயல், கரிக்காவிட்டால் மழை. உலகெங்கும் படகுக்காரர்கள் நம்பும் முறை இது. ஆய்வாளன் என்ற முறையில் நாக்கு நுனியில் ஒரு துளி வைத்தேன். டீசல் கரித்தது. அதைக் கழித்துப் பார்த்தால் நன்னீர். அத்தான் வெற்றிப் புன்னகை பூத்தார். உடனே மெக்கானிக் கையை நீட்டிக் காயல் நீரை அள்ளி அத்தானிடம் கொடுத்தார். அதிலும் உப்பில்லை. மழைக்காலத்தில் பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தில் கொச்சிக் காயலின் மேல்நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. மேலே இருந்து வந்தாலும் கீழே இருந்து வந்தாலும் ஜூலையில் ஒரே சுவை. ஆக, நாவால் அறியும் முறை கொச்சியில் கோடைக்கு மட்டுமே செல்லும் என்பது இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு.

அடுத்து, படகை முழுக்கத் தார்ப்பாயால் மூடி இரண்டு நாள் விட்டோம். வடிகால்களையும் சுத்தம் செய்தோம். நீர் வந்தது. மேல்வரவுக் கொள்கை தார்ப்பாய்க்கு அடியில் உயிர்விட்டது.

பிறகு கீழ்வரவு. அடித்தட்டை இறைத்து, பழைய வேட்டியால் எலும்புவரை துடைத்து, ஒவ்வொரு வால்வைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றினோம்; புரொப்பல்லர் தண்டு வெளியேறும் கிளாண்டுக்கு அடியில் முகப்பவுடர் தூவினோம். ஈரம் பட்ட இடம் டிஷ்யூவில் கறுத்துக் காட்டும்; பவுடரில் ஓடை போட்டுக் காட்டும். ஓடும்போது கிளாண்டு நிமிடத்துக்குச் சில சொட்டு விடலாம், உள்ளே திணித்த நார் சூடாகாமல் இருக்க அந்த நீர் வேண்டும். நிற்கும்போது நிற்க வேண்டும். நின்றது. டிஷ்யூ எல்லாம் வெள்ளை, பவுடர் பூசிய கிளாண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்டது போலிருந்தது. ஆனால் மறுநாள் காலை அடித்தட்டில் மூன்று லிட்டர்.

மேலுமில்லை, கீழுமில்லை. மெக்கானிக் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தான் படகின் முன்னாள் முதலாளியின் குலத்தை ஆராயத் தொடங்கினார். அப்போதுதான் அக்கா கேட்டாள்: "ஏங்க, வாராவாரம் அந்த டேங்க்ல அறுபது லிட்டர் ரொப்புறீங்களே, அதுல யாரு குடிக்கிறா?"

யாரும் குடிப்பதில்லை. பாட்டில் தண்ணீர்தான்.

அக்கா வீட்டிலிருந்து கேசரி பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். முழு டப்பாவையும் டேங்கில் கவிழ்த்தோம். ஞாயிறு காலை போனபோது மிதவை தூங்கி எழுந்தது, பம்பு உறுமியது, படகின் விலாவிலிருந்து காயலுக்குள் பளீரென்று ஆரஞ்சு நீர் பாய்ந்தது. பக்கத்துப் படகுக்காரர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். வாஷ்பேசினுக்குப் போகும் குழாய் டேங்கின் வாயில் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இதை உள்வரவு என்று பெயரிட்டிருக்கிறேன். இதன் தனிச்சிறப்பு: டேங்கில் இருந்த நீர் அடித்தட்டுக்கு வந்தால் படகின் எடை மாறாது, பம்பு அதை வெளியே தள்ளினால் எடை குறையும். ஆக, இந்த ஒழுக்கால் அத்தானின் படகு வாரம் முழுவதும் சிறிது சிறிதாக மேலேதான் வந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்தக் குழாயை மாட்டத் தரைப்பலகையைக் கழற்றியபோது மெக்கானிக் வேறொன்றைப் பார்த்தார். என்ஜினுக்குக் குளிர்நீர் எடுக்கும் குழாய். நீர்மட்டத்துக்குக் கீழே, வால்வு திறந்தே கிடந்தது. அதைப் பிடித்திருந்த ஹோஸ் கிளிப்பின் மேல்பக்கம் பளபளத்தது. அவர் அடிப்பக்கத்தை விரல் நகத்தால் சுரண்டினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. டிஷ்யூ பேப்பரில் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருந்தது. குழாயின் உள்விட்டம் ஓர் அங்குலம்.

"இது இன்னும் ஒழுகத் தொடங்கல சார்," என்றார்.

இப்போது அங்கே துருப்பிடிக்காத கிளிப்பு இரண்டு, திருகுகள் எதிரெதிராக. படகை விட்டு இறங்கும்போது வால்வை மூடிவிட்டு அத்தான் என்ஜின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டுகிறார். வால்வைத் தொடாமல் என்ஜினைக் கிளப்ப முடியாது. புதன்கிழமைகளில் அலுவலகம் முடிந்ததும் போய்த் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஆரஞ்சு நீர் பாய்ந்த அன்று மாலை அக்கா செய்த கேசரி வெள்ளையாக வந்தது. சர்க்கரை போட்ட உப்புமா என்றார் அத்தான்.