பாஸ் அண்ணன்

2020 மே மாதம் ஊரடங்கு தவணை தவணையாகத் தளர்ந்தபோது, தியாகதுருகம் போன்ற பேரூராட்சிகளின் கடைத்தெருவில் தலையெடுத்தவர் பாஸ் அண்ணன். அதற்கு முன் பட்டா மாறுதல், வருமானச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கல் ஆகியவை இவர் துறைகள். தாடைக்கு இறங்கிய முகக்கவசம், சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் அரசாணையின் ஜெராக்ஸ் ஆகியவற்றைக் கொண்டு இவரை அடையாளம் காணலாம். அரசாணையை மட்டும் யாரிடமும் முழுதாகக் காட்டமாட்டார்.

இவருக்குக் காலமும் இடமும் கூடிவந்தன. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, விழுப்புரத்தில் இருந்த கலெக்டர் ஆபீஸ் பக்கத்தூருக்கே வந்துவிட்டது. "கலெக்டர் ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கேன்" என்றால் ஊர் நம்பியது. ஓர் ஆணை புரிவதற்குள் அடுத்த ஆணை வந்ததும் தொழிலுக்குத் தோதாகிவிட்டது.

மே 11 முதல் 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்று அரசு அறிவித்தது. டீக்கடையில் பார்சல் மட்டும். பட்டியலில் இருக்கும் கடைக்குத் தனி அனுமதி தேவையில்லை. இந்தச் செய்தி கடைக்காரர் காதுக்கு எட்டுமுன் அண்ணன் எட்டிவிடுவார். ஆதார் நகல், வரி ரசீது, போட்டோ இரண்டு வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் போனில் வருவார்: "அண்ணே, முடிஞ்சிடுச்சு. ஷட்டரத் தூக்குங்க." ஜெராக்ஸ் கடையும் அந்த 34-இல் ஒன்று. அதுவரை அண்ணனின் ஆபீஸே பாதி ஷட்டருக்குள்தான் நடந்தது.

சலூன் விவகாரத்தில்தான் இவர் புகழ் உச்சிக்குப் போனது. கிராமப்புறச் சலூன்களுக்கு மே 19-இலேயே அனுமதி; பேரூராட்சிகளுக்கு 24 வரை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம், இந்தப் பக்கம் பூட்டு. "மேல பேசியிருக்கேன், நாலஞ்சு நாள் ஆவும்" என்றார் அண்ணன். சொன்ன கெடுவில் கடை திறந்தது. ஆணை போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளிமாவட்டத்துக்குச் சரக்கெடுக்கப் போக இ-பாஸ் வேண்டும். கிடைத்தால் அண்ணனின் செல்வாக்கு; நிராகரித்தால் சர்வர் கோளாறு. ஆனாலும் இவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட முடியாது. ஓடிபி என்றாலே கைநடுங்கும் கடைக்காரர்களுக்கு ஆதாரை ஸ்கேன் செய்து, படிவத்தை நிரப்பி, நிராகரித்தால் வேறு வாசகத்தில் மறுபடி அனுப்பியவர் இவர்தான். அந்த உழைப்புக்குக் கூலி நியாயம். செல்வாக்குக்கு வாங்கியதுதான் அதிகம்.

2020 ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த உடனே இ-பாஸ் கிடைக்கத் தொடங்கியதும் மதிப்பு சரிந்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸே ரத்து. 2021 மே 17-இல் இ-பதிவு வந்து சில வாரம் கைகொடுத்தது. ஒப்புதலே தேவைப்படாத அந்தப் பதிவுக்கும் அண்ணன் ஒப்புதல் வாங்கித் தந்தார். பிறகு பட்டா மாறுதலுக்கே திரும்பினார்.

இ-பாஸுக்கோ இ-பதிவுக்கோ அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கவில்லை.