இறக்கம் இலவசம்

என் பேரனுக்குப் பத்து வயது. அவனுக்கென்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஒரு கோச் இருக்கிறார். விலா எலும்புக்கு ஒரு கவசம், கழுத்துக்கு ஒரு வளையம், தார் ரோட்டில் உருண்டாலும் கிழியாத உடுப்பு, தலைக்கவசத்துக்கு மட்டும் தனியாக ஒரு பை. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. எனக்கென்று இருப்பது பிரஷர் மாத்திரை. அதையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து உட்கார்ந்துதான் வாங்குகிறேன்.

பையன் கோ-கார்ட் ஓட்டுகிறான். பேரங்காடியில் பத்து நிமிடம் சுற்றிவிட்டு ஐஸ்கிரீம் கேட்கிற ஓட்டம் அல்ல, பந்தயம். லாப் டைம், செட்டிங், டயர் பிரஷர் என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு ஓடுகிறது. பிரஷர் என்று காதில் விழும்போதெல்லாம் என்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்ப்பேன். இல்லை, முன்பக்க இடது டயர்.

அவன் வயதில் நானும் பந்தயக்காரன்தான். மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், 1970க்கு முன்னே பின்னே. தோட்டத்தில் தார் போட்ட ரோடு ஒன்றே ஒன்று: தொர பங்களாவுக்கு ஏறும் மேடு. லயத்துக்குப் போகிற பாதை செம்மண். மழைக்குச் சேறு, வெயிலுக்குத் தூசி. ஆகவே தொர கிளப்புக்குக் கிளம்பும் சனிக்கிழமை சாயங்காலம்தான் எங்கள் பந்தய நாள். காவலுக்கு நிற்கும் ஜாகாக்காரர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கட்டு பீடி போதும்.

வண்டி நாங்களே செய்தது. பெட்டி உடைத்த பலகை, பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங் நான்கு. முன்னச்சை ஒரே போல்ட்டில் மாட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் ஸ்டியரிங். பிரேக், குதிகால். என்ஜின், அந்த மேடு. மேலே தள்ளிக்கொண்டு போவது வேலை, கீழே வருவது சம்பளம். கனத்தவன்தான் வேகமாக இறங்குவான் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்திருந்தோம். அதனால் கிராணி வீட்டுக் குண்டுப் பையனுக்கு எல்லா அணியிலும் கிராக்கி. மேட்டடியில் இருந்த சாக்கடைதான் எல்லைக்கோடு. முதலில் அதில் விழுந்தவன் ஜெயித்தவன். பரிசு வீட்டில் பிரம்பாகக் காத்திருக்கும். “நாளைக்குப் பால் வெட்டத்தான் போகப் போற, அதுக்கு எதுக்குடா இந்த ஓட்டம்?” என்பார் அப்பா.

பேரனின் கார்ட்டை முதன்முதலில் சுற்றிவந்து பார்த்தேன். சஸ்பென்ஷன் இல்லை. கியர் இல்லை. கதவு இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை. பின்னச்சு ஒரே இரும்புத் தண்டு. உட்கார்ந்தால் உட்காருமிடத்துக்கும் தரைக்கும் நடுவில் ஓர் அங்குலம் இருந்தால் பெரிய விஷயம்.

“இவ்வளவும் இல்லாம இருக்கிறதுக்கா மாப்பிள்ளை இந்த விலை?” என்று மருமகனிடம் கேட்டேன்.

“அதுக்குத்தான் மாமா விலை,” என்றார்.

இந்த விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது மனதுக்கு இன்னும் இதமாக இருந்தது. 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் சில இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, புல் வெட்டும் மெஷினுக்காகச் செய்த என்ஜினை அதில் பூட்டி ஓட்டினார். அதுதான் முதல் கார்ட். புல் வெட்டும் மெஷின்! எங்கள் தோட்டத்தில் கத்தியை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து புல் வெட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் எதையும் கண்டுபிடித்ததாகப் பதிவில்லை. வெட்டுவதற்கு மெஷின் இருந்தவனுக்குத்தான், மிச்ச நேரத்தில் அதைக் கழற்றிச் சக்கரத்தில் பூட்டும் யோசனை வரும்.

பந்தயம் செப்பாங்கில். விடியற்காலையில் கிளம்புவோம். அந்தக் காலத்தில் அதே நேரத்துக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக எழுப்புவார்கள்; இப்போது வார்ம்-அப்புக்கு. நெடுஞ்சாலையில் ஏறுமுன் பழைய டிரங்க் ரோட்டைக் கொஞ்சம் தொடுகிறோம். எங்கள் ஊரில் சரித்திரப் புத்தகத்தில் ஏறிய ஒரே வேக ஓட்டம் அந்த ரோட்டில்தான் நடந்தது. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் ரோட்டோடு பாய்ந்து வந்தன. வெள்ளைக்காரன் ரோட்டை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்குள் அப்படியே கிடந்தன. எதிரி வளைவைப் பிடித்துச் சுற்றிவந்து முன்னால் போய்விட்டான். அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் அவன் கையில். நான்கு நாளில் கோலாலம்பூரும். வளைவைச் சரியாகப் பிடிப்பவன் முந்துவான் என்று பேரனின் கோச் சொல்லும்போது, எங்கள் பாட்டி லயத்தை விட்டுக் காட்டுக்குள் ஓடி ஒளிந்த கதைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

வழியில் தஞ்சோங் மாலிம். 2003 முதல் அங்கே புரோட்டோன் தொழிற்சாலை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன் ஆனார். அப்புறம் புத்ராஜெயா. அரசாங்கக் கட்டடங்கள் நிற்கிற அந்த மண் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். அங்கே உருவாக்கிய பி.பி. 86 என்கிற ஒட்டுமரத்தைத்தான் எங்கள் அப்பா காலமெல்லாம் வெட்டினார். மரத்துக்குப் பேர் கொடுத்த தோட்டத்திலிருந்த தமிழர்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். பேரனுக்கு இதைச் சொன்னால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேற்றைய லாப்பை வீடியோவில் பார்க்கிறான்.

செப்பாங் பெரிய ஓடுதளம் 1999இல் திறந்தது: 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. 2017 வரை எஃப்-ஒன் அங்கே வந்தது. கட்டணம் கட்டி மாளாமல் அரசாங்கமே கையை உதறிவிட்டது. அந்த வளாகத்திலேயே கார்ட்டுக்கென்று சின்ன ஓடுதளம். அங்கே போனதும் முதலில் மூக்கில் ஏறுவது விளக்கெண்ணெய் வாசம். டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். பந்தய எண்ணெய்கள் பலவற்றில் இன்றும் விளக்கெண்ணெய் சேர்க்கிறார்கள், கடும் சூட்டிலும் வழுக்கல் குறையாது என்பதற்காக. எங்களுக்குப் பள்ளி விடுமுறையில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே சரக்கு. நாங்களும் அதற்குப் பிறகு வேகமாகத்தான் ஓடினோம். நேரம் குறிக்க ஆளில்லை.

கோச் சொல்லித்தருவது வேகத்தை என்று நினைத்திருந்தேன். அவர் சொல்லித்தருவது பிரேக்கை. வண்டி நேராக இருக்கும்போதே இடது காலால் பிரேக்கை அழுத்தி முடித்துவிட வேண்டும்; அப்புறம்தான் திருப்ப வேண்டும். திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் ஒரு கண்ணிமைப்புக்குத் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஒரே தண்டில் மாட்டிய இரண்டு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வண்டியை நேரே தள்ளிவிடும். அந்தச் சக்கரத்தைத் தூக்குவது ஸ்டியரிங்கின் கோணமும் சட்டத்தின் நெளிவும். சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்குச் சட்டமும் சீட்டும் உட்கார்ந்திருப்பவனின் விலா எலும்பும்தான் சஸ்பென்ஷன். கவசம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் பேரிங் வண்டியிலும் உள்சக்கரம் எழும்பும். நாங்கள் அதை விபத்து என்று நினைத்தோம்.

இங்கே எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: ஓடுதளத்தின் ஓரம். சூடேறிய டயர் தேய்ந்து, மிளகு மிளகாக உதிர்ந்து, வளைவின் வெளிப்பக்கம் கருப்பாகக் குவிந்து கிடக்கும். அதில் ஏறினால் வண்டி வழுக்கும் என்று பிள்ளைகள் விலகி ஓட்டுவார்கள். எனக்கோ கை பரபரக்கும். பால் வடியும் மங்கிலும் மரத்தின் வெட்டுக்காயத்திலும் காய்ந்துபோன ஒட்டுப்பாலைப் பிடுங்கி, பை நிறையச் சேர்த்துக் கொண்டுபோய் நிறுத்தால்தான் எங்களுக்குத் திருவிழாக் காசு. ஒரு துணுக்கைத் தரையில் விட்டாலும் அம்மா ஏசுவார். இங்கே ஒரு வார இறுதியில் ஒரு செட் டயர் பாதிப் பிராணனை விடுகிறது. அதைச் சேர்த்து நிறுக்க ஆளில்லை.

“இதெல்லாம் நம்ம பால்டா,” என்று பேரனிடம் சொன்னேன்.

“இல்ல தாத்தா, இதுல சிந்தெட்டிக் கலந்திருக்கு,” என்றான்.

இருக்கட்டும். 1980களின் இறுதி வரை உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கொடுத்த நாடு இது. இன்று கையுறைத் தொழிலுக்கு வெளியிலிருந்து பால் வாங்குகிறது. எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனை.

ஓட்டம் முடிந்ததும் யாரும் குதித்துக் கொண்டாட முடியாது. முதலில் தராசு. வண்டியும் பிள்ளையும் சேர்ந்து நிற்க வேண்டும். அவன் வகுப்புக்கு விதித்த எடைக்குக் கீழே இறங்கினால், முதலாவதாக வந்தவனும் வெளியே. பேரன் ஒல்லி. அதனால் சீட்டில் ஈயத் தகடு முடுக்கியிருக்கிறார்கள். “பிள்ளைக்குச் சோறு போடாம ஈயத்த மாட்டி வச்சிருக்கீங்களே,” என்று என் மனைவி புலம்பினார். தராசு என்றால் எனக்கு வயிறு கலங்கும். ஸ்டோரில் அம்மா வாளியை இறக்கிவைப்பார். கிராணி பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பார். தண்ணீர் போக உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று அது சொல்லும். அது சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது. செப்பாங்கில் அப்பீல் உண்டு. படிவம் எழுதி, கட்டணம் கட்டி, மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். இதற்குப் பேர் முன்னேற்றம் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், மருமகன் லூயிஸ் ஹாமில்டன் கதையைச் சொல்வார். எட்டு வயதில் கார்ட். மகனை ஓட்ட வைக்க அப்பா ஒரே சமயத்தில் பல வேலை பார்த்தார். 13 வயதில் மெக்லாரன் கூப்பிட்டது. பிரான்சில் எஸ்தபான் ஓகோனின் பெற்றோர் வீட்டையே விற்றுவிட்டு கேரவனில் குடியிருந்தார்கள். மகள் இந்தக் கதைகளைக் கேட்டதும் வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் பார்த்தால், 2001இல் எஃப்-ஒன்னுக்குப் போன முதல் மலேசியர் அலெக்ஸ் யூங்கின் அப்பாவும் பந்தயக்காரர். 2005இல் போன முதல் இந்தியர், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் அப்பாவும் ரேலி ஓட்டியவர். அந்த மார்ச் மாதம் நரேன் செப்பாங்கில் 11ஆவதாக வந்தபோது இங்கே நம்மவர்கள் ஏதோ அவரே ஜெயித்த மாதிரி நடந்துகொண்டார்கள், நானும்தான். என் அப்பா ஓட்டியது சைக்கிள். அதுவும் காண்டாக் கம்பும் வாளியும் ஏற்றிய சைக்கிள்.

ஒரு நாள் பேரனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அந்த மேட்டைக் காட்டினேன். பங்களா பாழடைந்து கிடக்கிறது, தார் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எங்கள் பந்தயத்தை விளக்கமாகச் சொன்னேன். வீரக்கதை சொல்கிற குரலில்தான். அவன் மேலிருந்து கீழே பார்த்தான். இறக்கத்தை அளந்தான். சாக்கடையைப் பார்த்தான்.

“ரன்-ஆஃப் எங்க தாத்தா?”

வண்டி கட்டுக்கடங்காமல் போனால் ஓடி நிற்கக் காலி இடம். அப்படி ஒன்று எங்கள் காலத்தில் தோட்டத்தில் யாருக்குமே இருந்ததில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பத்து வயதுக்கு அது பாரம் என்று விழுங்கிவிட்டேன். பற்கள் உடைந்த கதையையும், காலில் இன்னும் கோணலாக இருக்கும் விரலையும் மட்டும் காட்டினேன். அவனுக்கு மரியாதை வரவில்லை. பயம்தான் வந்தது. நல்ல பிள்ளை.

அன்றைக்கு எல்லாம் சும்மா கிடைத்தது என்று நண்பர்கள் டீக்கடையில் பெருமூச்சு விடுவார்கள். சும்மா கிடைத்தது இறக்கம் ஒன்றுதான். ரோடு தொரயுடையது, பேரிங் பட்டறையுடையது, சனிக்கிழமைகூடக் கிளப்புடையது. “இது உனக்கில்லை” என்று சொல்ல அன்று ஓர் ஆள் வேண்டியிருந்தது: தொர, கிராணி, ஜாகா, கடைசியில் அப்பா. இன்று விலைப்பட்டியல் அந்த வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கு மீசையும் இல்லை, பீடி கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது.

போன பந்தயத்தில் பேரன் ஆறாவது. தராசில் தேறினான். அடுத்த வயது வகுப்புக்குப் போனால் வேறு என்ஜின் வேண்டும், வேறு சட்டம் வேண்டும் என்கிறார் மெக்கானிக். மருமகன் கணக்குப் போடுகிறார். மகள் படிப்பைப் பற்றிப் பேசுகிறாள். 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வை எடுத்துவிட்டதால் அவள் கையில் மிரட்ட ஆயுதமும் இல்லை. இன்னும் ஒரு வருடமோ, இரண்டு வருடமோ. அப்புறம் கணக்கு ஜெயித்துவிடும் என்று எனக்குத் தெரியும். மருமகனுக்கும் தெரியும்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் புது டயருக்குப் பணம் குறைந்தபோது என் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மனைவி முறைத்தார். மூன்று தலைமுறையாக ஊரான் டயருக்கு நாம் பால் வெட்டிக் கொடுத்தோம். நம் வீட்டில் ஒரு பயலாவது அதைத் தேய்த்துத் தீர்க்கட்டுமே என்றேன்.