இளங்கன்றும் பயமும்: ஒரு பொருளாராய்ச்சி

'இளங்கன்று பயமறியாது' என்ற பழமொழிக்கு, வயதில் சின்னவர்கள் பின்விளைவை எண்ணாமல் துணிவார்கள் என்று பொருள் சொல்லி வருகிறார்கள். எல்லோருக்கும் உடனே விளங்கிவிடுகிறது என்பதுதான் இந்தப் பொருளின் பெருங்குறை. எல்லோருக்கும் விளங்கும் இடத்தில் அறிஞருக்கு வேலை இல்லை. அறிஞருக்கு வேலையில்லாத இடம் தமிழில் இருக்க நியாயமில்லை. ஆகவே ஆராயத்தான் வேண்டும்.

முதலில், எந்தக் கன்று? தொல்காப்பிய மரபியல் யானை, குதிரை, கழுதை, பசு, எருமை எனப் பலவற்றின் குட்டிக்கும் இப்பெயரைத் தருகிறது, ஒட்டகத்தையும் விடவில்லை. ஒட்டகம் நமக்கு வேண்டாம். வாழைக்கன்று ஆடு வந்து கடிக்கும்போதும் நின்ற இடத்தில் நிற்கும் தீரமுடையதுதான். ஆனால் துள்ளாது என்பதால் தள்ளுபடி. எஞ்சுவது பசுக்கன்று. கன்று என்றாலே இளசுதானே, 'இளம்' எதற்கு என்று கேட்கலாம். மிகைபடக் கூறல் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் ஒன்று. மற்றொன்று விரித்தலும் அதே பட்டியலில் இருப்பதால் இதை இத்தோடு விடுகிறோம்.

உண்மையான சிக்கல் பயத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் பயம் என்பதற்கு அச்சம் மட்டுமல்ல, பயன், நீர், பால் என்ற பொருள்களும் கிடைக்கும். பால்! கன்றையும் பாலையும் அருகருகே வைத்துக்கொண்டு, அச்சத்தைத் தேடி இத்தனை காலம் அலைந்திருக்கிறோம். பழமொழியின் நேர்ப்பொருள், 'இளங்கன்று பாலறியாது' என்பதே. இது விடலைகளைப் பற்றிய பேச்சன்று. மாட்டுக்கொட்டிலிலிருந்து எழுந்த முறையீடு. சான்றும் கொட்டிலிலேயே கிடக்கிறது. கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு, பசு சுரப்பு விட்டதும் இழுத்து முளையில் கட்டிவிட்டுக் கறப்பது நம் வழக்கம். ஈன்றவுடன் வரும் சீம்பாலில்தான் கன்றின் நோய் எதிர்ப்புக்கு வேண்டியது இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது அது கன்றுக்குக் கிடைப்பதில்லை. அந்தச் சீம்பாலிலும் ஒரு பங்கு வெல்லத்தோடு சேர்ந்து அடுக்களையில் வெந்துகொண்டிருக்கும். கன்று செத்துப்போனால் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறப்பதும் உண்டு. அந்த வைக்கோல் கன்று ஒன்றுதான் பயம் என்பதன் எல்லாப் பொருளிலும் பயமறியாதது.

இதை உறுதிசெய்யும் பழைய ஏடு ஒன்று இருந்தது. அதைக் கறையான் தின்றுவிட்டது. கறையான் தின்றதே அதன் பழமைக்குச் சான்று. முன்னும் பின்னும் மும்மூன்று ஏடுகள் அரிக்கப்பட்டிருப்பதால், அவற்றில் இதற்கு விரிவான உரையும் அவ்வுரைக்கு மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் இருந்தன என்பது வெளிப்படை. இருக்கும் ஏட்டோடுதான் சிலர் வாதாட முடியும். இல்லாத ஏட்டோடு இன்றுவரை யாரும் வென்றதில்லை.

மறுப்போர் திருவாரூருக்கு ஓடுவர். மனுநீதிச் சோழனின் மகன் ஏறிவந்த தேரின் சக்கரத்தில் கன்று பாய்ந்து விழுந்ததே, அது அஞ்சாமை அல்லவா என்பர். தமிழ்க் கன்றுகளுள் அரசவை வரை வழக்குப் போன கன்று அது. அங்கே கன்றின் துடுக்குத்தனம் எதிர்வாதமாக எடுபடவில்லை. தண்டனை தேரில் வந்த இளைஞனுக்குத்தான். மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளையைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்பவர்கள், அவன் கன்றின் பக்கமா, தேரின் பக்கமா என்று முதலில் தெளிவுபடுத்தட்டும்.

மக்கள் அச்சம் என்றுதானே வழங்குகிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். மக்கள் பழமொழியைப் பயன்படுத்துவோர். பயன்படுத்துவோரிடம் பொருள் கேட்கும் வழக்கம் ஆய்வுலகில் இல்லை.

கன்று தாயின் மடியையே தயங்காமல் முட்டுகிறதே என்பது கடைசி ஆட்சேபம். உண்மை. முட்டினால்தான் பால் இறங்கும். கன்று நிலுவையைக் கேட்கிறது. அதைத் துணிச்சல் என்று முதலில் பெயரிட்டவர், நிறைந்த செம்போடு அடுக்களைக்குள் நுழைந்துகொண்டிருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.